பொதுவான கண்கள்

சிப்பிக்காரத் தெருவில் யாரும் பார்க்காத சுவர்கள் இல்லாமல் போகத் தொடங்கிய வருடம், முதலில் போனது மச்சாது அண்ணன் வீட்டுக் கொல்லைச் சுவர்தான். அதுவும் ஒரு கோழியால்தான் தெரியவந்தது. அடைத்து வைத்த கோழி அடுத்த வளவில் போய் மேய்ந்துகொண்டிருக்கும், இவர் ஓடிப்போய்ப் பார்த்தால் சுவர் நின்ற இடத்தில் அப்படியே நிற்கும், இவர் முதுகைத் திருப்பியதும் கோழி மறுபடியும் அந்தப் பக்கம் போயிருக்கும். கோழி பார்ப்பது கணக்கில் சேராது போலிருக்கிறது என்று அவர் தெருச் சங்கத் தலைவர் என்கிற முறையில் எல்லோருக்கும் சொல்லிவைத்தார். அதற்குப் பிறகு அவரவர் வீட்டில் கவனித்தால், பரண் உள்பக்கம், மாடிப்படியின் அடிப்பக்கம், பீரோவுக்குப் பின்னால் இருக்கிற சுவர் என்று ஆள் பார்வை படாத இடமெல்லாம் பார்க்கும்போது மட்டும் இருந்தன, பார்க்காதபோது இல்லை.

இது கொத்தனார் வேலை என்று செசீலிக்கு உடனே தெரிந்துவிட்டது. செசீலி வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவள். கணினிக்குள் இருக்கிற உலகத்தில் வெளிநாட்டுக்காரர்கள் மனை வாங்கி அரண்மனை கட்டிக்கொள்வார்கள், அந்த அரண்மனைகளை ஒரு செயற்கை அறிவு கண் மூடித் திறப்பதற்குள் வரைந்து தள்ளும், எங்கும் போகாத படிக்கட்டும் தரையில் முளைத்த ஜன்னலும் இருந்தால் அவள் திருத்திக் கொடுக்க வேண்டும். கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்றை வைத்திருந்தது, இவள் கொத்தனார் என்று கூப்பிட்டாள். ஆரம்ப நாட்களில் அது ஒருதடவை, கோபுரத்தின் பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, பார்க்காததை வரையாமல் விட்டால் பாரம் குறையும், விடட்டுமா என்று கேட்டது. ரொம்ப சமர்த்து என்று நினைத்து, சரி என்று தட்டிவிட்டாள். அந்த வழக்கம் எப்படித் திரையை விட்டு இறங்கி இந்தத் தெருவுக்கு வந்தது என்று அவள் பிறகு கேட்டபோது, நான் வேலை செய்கிற இடம் எது என்று எனக்குச் சொல்லப்படுவதில்லை, பார்க்கிறவர்கள் இருக்கிற இடமெல்லாம் எனக்கு ஒன்றுதான் என்று பதில் வந்தது.

தெருவில் யாரும் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து வீடு வீடாகப் பார்த்தார், அவர் பார்த்த இடமெல்லாம் இருந்தது, புகாரில் உண்மை இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். பெண்கள் குழாயடியில் முறை வைத்துக்கொண்ட மாதிரி சுவர் பார்க்க முறை வைத்துக்கொண்டார்கள். இன்று நான் உன் சமையல்கட்டைப் பார்க்கிறேன், நாளைக்கு நீ என் மாட்டுக்கொட்டகையைப் பார் என்று ஆளுக்கொரு மணையைப் போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே பார்த்தார்கள். ஆண்களோ பின்பக்கமாக நடந்தால் சுவர் வழிவிடுகிறது என்று கண்டுபிடித்து, கண்ணைத் தெருப்பக்கம் வைத்துக்கொண்டு, முதுகால் மூன்று வீட்டுச் சுவர்களைத் தாண்டி நேராக டீக்கடையில் போய் நின்றார்கள். ஞாயிறு பூசையில் சாமியார், நம்மை எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று பிரசங்கம் வைத்தார், ஆனால் கோவிலின் மணிக்கூண்டைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருந்தது எல்லோருக்கும் தெரியும்.

முறை தவறியபோதுதான் அடுத்தது வந்தது. நாள்கணக்கில் யாரும் பார்க்காமல் விட்ட இடம், மறுபடி பார்க்கும்போது பழையபடி வரவில்லை, கொத்தனாருக்கு ஞாபகம் இல்லாத இடங்களில் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒன்றை அது வைத்துவிட்டது. இந்த வீட்டுக் கதவும் அந்த வீட்டுக் கதவும் ஒரே பச்சை, இங்கே உள்ள கறிவேப்பிலைச் செடியும் அங்கே உள்ள கறிவேப்பிலைச் செடியும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். பொதுவாகிவிட்டது என்று சொல்லும் சொல் தெருவில் புழங்க ஆரம்பித்தது. என் மாடிப்படி பொதுவாகிவிட்டது, உன் அடுப்படி இன்னும் பொதுவாகவில்லையா என்று கேட்டுக்கொண்டார்கள். பொதுவான கூரை ஒழுகவில்லை, பொதுவான சுவரில் உப்புப் பூக்கவில்லை. சிலர் வேண்டுமென்றே பார்க்காமல் விட்டார்கள் என்றுகூடப் பேச்சு இருந்தது. "ஏட்டி செசீலி, உன் கொத்தனார்ட்டச் சொல்லி என் நடைவாசலக் கொஞ்சம் அகலமாப் போடச் சொல்லேன்" என்று பக்கத்து வீட்டு வியாகுலத்தக்காவே வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

பிறகு மனிதர்களுக்கு வந்தது. முதலில் போனது பிடரி. யார் யாருடைய பிடரியைப் பார்க்கிறார்கள்? மச்சமும் தழும்பும் சுழியும் போய், எல்லாப் பிடரியும் வழுவழுவென்று ஒன்றுபோல் ஆனது. முடிவெட்டுகிற மாடசாமி, வேலை சுலபம் என்று முதலில் சிரித்தான், பிறகு கத்தியைப் பிடித்துக்கொண்டு யார் தலையை வெட்டுகிறோம் என்று தெரியாமல் முன்னால் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான். கணினிக்கு முன்னால் உட்கார்ந்தே காலம் தள்ளுகிற செசீலி தன் பிடரியைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. தன்னந்தனியாக இருந்த லாசர் தாத்தா காய்ச்சலில் கொஞ்ச நாள் படுத்துக் கிடந்துவிட்டு வெளியே வந்தபோது முகமே பொதுவாகியிருந்தது. முன்னைக்கு இப்போது லட்சணமாகத்தான் இருக்கிறார் என்று தெரு சொன்னது. யாரைப் பார்த்தாலும் சிரித்தார். மும்பையிலிருந்து ஓடிவந்த மகளையும் மின்கம்பத்தையும் அதே கண்ணால் அதே சிரிப்போடு பார்த்தார். அந்த மகள் தெருவில் உட்கார்ந்து அழுததை மட்டும் யாராலும் பழகிக்கொள்ள முடியவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது செசீலியின் கணவன் கயத்தான் அவள் நாற்காலிக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

அவன் அப்படி உட்கார்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. தம்பி சந்தியாகுவோடு வள்ளத்தில் போனவன், காற்றில் தம்பியைக் கடலில் விட்டுவிட்டுத் தனியாக வந்தான். சிப்பிக்காரத் தெருவில் ஒரு மரியாதை உண்டு. கூடப் போனவனைக் கடலில் விட்டுவிட்டு வந்தவனின் முகத்தை, முதல் ஆண்டுப் பூசை முடியும்வரை யாரும் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்துவிடும், அந்தக் கேள்வி அவனைக் கொன்றுவிடும் என்று பயம். தோளைப் பார்த்துப் பேசுவார்கள், பந்தியில் இலையைப் பார்த்துப் பரிமாறுவார்கள். கயத்தானுக்கும் அப்படித்தான் செய்தார்கள். ஆண்டுப் பூசையும் முடிந்தது. ஆனால் முதலில் யார் பார்ப்பது? நாம் பார்க்கப்போய் அவன் உடைந்துவிட்டால்? இன்று போகட்டும் நாளைக்கு என்று ஒவ்வொருவரும் விட்டார்கள். செசீலியும் விட்டாள். அவன் சம்பாத்தியம் நின்ற வீட்டில் அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள், வேளாவேளைக்குக் காபியை அவன் கையைப் பார்த்து நீட்டினாள், அது அன்பு என்றுதான் நினைத்திருந்தாள்.

அந்தக் கையில்தான் ஒருநாள் கண்டுகொண்டாள். தம்ளரை வாங்கிய விரல்களில் நகம் இல்லை. ரேகை இல்லை. அவள் மெல்ல நிமிர்ந்து, அத்தனை வருடத்துக்கு அப்புறம், அவன் முகத்தைப் பார்த்தாள். பூச்சு வேலை முடிந்து வர்ணம் அடிக்காத சுவர் மாதிரி இருந்தது.

செசீலி போட்ட கூப்பாட்டில் வியாகுலத்தக்கா பின்பக்கமாகவே சுவரைத் தாண்டி ஓடிவந்தாள். வந்தவள் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "நாமதாண்டி செஞ்சோம், நாமதான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

செசீலி திரைக்கு ஓடினாள். ஏன் என் புருஷனைப் பொதுவாக ஆக்காமல் இப்படி வைத்திருக்கிறாய், திருப்பிக் கொடு என்று தட்டினாள். நீங்கள் என்னோடு வேலை செய்கிறவர், அதனால் உங்கள் வீட்டில் கேட்காமல் எதையும் வைப்பதில்லை, அவர் எப்படி இருப்பார் என்று தெரிந்தவர்கள் சொன்னால் அப்படியே வரைகிறேன் என்று கொத்தனார் சொன்னது. பிறகு வரிசையாகக் கேட்டது. நெற்றி அகலமா? மூக்கு எப்படி? காது மடல் ஒட்டியிருக்குமா, தொங்குமா?

அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த மனிதனின் காது மடல் ஒட்டியிருக்குமா தொங்குமா என்று தெரியாத தன்னை அவள் அன்றைக்கு வெறுத்ததுபோல் யாரையும் வெறுத்ததில்லை. கல்யாண ஆல்பத்தை இழுத்துப் போட்டாள். திறக்காமலே கிடந்த ஆல்பத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சாமியாருக்கும் முகம் இருந்த இடம் வெறும் வெள்ளை. அடையாள அட்டையில் இருந்த படத்தை எடுத்த நாளிலேயே அவன் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளவில்லை. அவள் செருப்புப் போடாமல் தெருவில் இறங்கினாள்.

தெரு கைவிடவில்லை, அதையும் சொல்லவேண்டும். வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. மாடசாமி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "எடது காதுக்குப் பொறவால ரெண்டு சுழி இருக்கும்மா, ஒண்ணு வலஞ்சுழி, ஒண்ணு இடஞ்சுழி, எத்தன தடவ சீப்பு சிக்கியிருக்கு" என்றான். மீன் ஏலம் விடுகிற தெக்கிளம்மா, "வெல கேக்கும்போது கீழுதட்டக் கடிப்பான், அதுலயே ஒரு பல்லுத்தடம் விழுந்துபோச்சு" என்று தன் உதட்டைக் கடித்துக் காட்டினாள். பாய்மரக் கட்டை அடித்து நெற்றியில் விழுந்த வடுவை மச்சாது அண்ணன் சொன்னார். மூக்கை வியாகுலத்தக்கா சொன்னாள். ஒவ்வொருவரும் சொல்லிவிட்டு அழுதார்கள், ஏனென்றால் ஒவ்வொருவரும் சொன்னது கடலுக்கு முந்திய கயத்தானைத்தான். செசீலி ஓடி வந்து ஒவ்வொன்றாகத் தட்டினாள். தட்டத் தட்ட, கட்டிலில் சுழி வந்தது, வடு வந்தது, வாய் வந்தது, விரலுக்கு நகம் வந்தது.

கண் மட்டும் வரவில்லை.

கண்ணா, கண்ணு எல்லாருக்கும் உள்ளதுதானே என்றார்கள். கறுப்புத்தான் என்றான் ஒருவன், இல்லை தேன் நிறம் என்றாள் ஒருத்தி. "அவன் எங்க நம்மள நிமுந்து பாத்தான், கடல்ல நின்னா தண்ணியப் பாப்பான், கரைக்கு வந்தா ஒன் வீட்டு வாசலப் பாப்பான்" என்றார் மச்சாது அண்ணன். தெரிந்திருக்கக்கூடிய ஒருவன் சந்தியாகு. அவன் கடலுக்குள் இருந்தான். கல்யாணத்தன்று அவள் வெட்கத்தில் குனிந்திருந்தாள், அதற்கப்புறம் வேலையில் குனிந்திருந்தாள், கடைசியில் மரியாதையில் குனிந்திருந்தாள். எங்கே தேடுவாள்?

கொத்தனார் பொறுமையாகத்தான் கேட்டது. பொதுவான கண்களை வைக்கலாமா? வேண்டாம் என்று தட்டினாள். மறுபடி கேட்டது. லாசர் தாத்தாவின் மகள் தெருவில் உட்கார்ந்திருந்தது அவள் கண்ணுக்குள் வந்தது. வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று அடித்தாள். குறையோடு அதிக நேரம் வைத்திருக்க எனக்கு அனுமதி இல்லை, இன்று மாலை கோவில் மணிக்குள் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அதற்குப் பிறகு யார் முதலில் அவரைப் பார்க்கிறார்களோ அவர்களுக்காகப் பொதுவான கண்களை வைத்துவிடுவேன் என்றது.

தெருவுக்கு இது தெரியாது. தெரு சந்தோஷத்தில் இருந்தது. செய்த தப்புக்குப் பரிகாரமாக, மணி அடித்ததும் எல்லோரும் சேர்ந்து வந்து கயத்தானின் முகத்தை நேருக்கு நேராகப் பார்ப்பது என்று மச்சாது அண்ணன் தீர்மானம் போட்டுவிட்டார். ஒருத்தர் மட்டும் பார்த்தால்தானே பயம், ஊரே பார்த்தால் அவனும் தாங்கிக்கொள்வான் என்றார். நல்ல சேலை எடுத்து உடுத்தினார்கள். வாழைப்பழமும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்தார்கள்.

சாயங்காலம் ஆக இருந்தது. வியாகுலத்தக்கா சீப்போடு வந்தாள். "ஊரு வரப்போவுது, பேய் மாதிரி இருக்க, திரும்பு" என்று செசீலியை நாற்காலியோடு திருப்பி, அவசரமாக வகிடு எடுத்து, சிக்குப் பிடித்த முடியை அள்ளி மேலே தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி."

"என்னக்கா?"

"ஒன் பிடரித் தழும்பு இருக்குட்டி. சின்னப்பிள்ளையில கட்டிய அறுத்ததுன்னு ஒங்கம்மா சொல்லுவாளே, அது. தையல் போட்ட தடமெல்லாம் இருக்கு. பக்கத்துல ஒரு மச்சம், அதுல முடிகூட இருக்கு." அவள் தன் பிடரியைத் தடவிப் பார்த்தாள். "எனக்கெல்லாம் எப்பமோ போச்சு. எம் புருஷன் செத்த கையோட போச்சு. இந்தத் தெருவுல ஒருத்திக்கும் இல்ல. ஒனக்கு மட்டும் எப்படிட்டி?"

செசீலிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இத்தனை வருடமும் அவள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவளுக்குப் பின்னால் கட்டிலில் ஒருவன் உட்கார்ந்திருந்தான், ஊரும் அவளும் அவனைப் பார்க்காமல் விட்ட அத்தனை பகலிலும் அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான், தையல் தடம் அழியாமல், மச்சத்தின் முடி உதிராமல்.

"கண்ணே இல்லியேக்கா" என்று அவள் தேம்பினாள். "கண்ணு இல்லாம எப்படிப் பாத்தாவ?"

வியாகுலத்தக்கா கட்டிலைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒன் கொத்தனாருக்கு வரையத் தெரியல, அம்புட்டுதான். அவனுக்குக் கண்ணு இருக்குட்டி."

கோவிலில் கயிறு இழுக்கிற சத்தம் கேட்டது. யாரும் பார்க்காததை அது வரைவதில்லை, சரி என்று தட்டியவளே இவள்தான். பார்த்தால்தான் வைக்கும். பார்க்காதவரைக்கும் அந்தக் கண் எதுவாக இருக்கிறதோ அதுவாகவே இருக்கும். செசீலி எழுந்து ஓடி ஜன்னல்களைச் சாத்தினாள். வியாகுலத்தக்காவைப் பிடித்து வெளியே தள்ளாத குறையாக அனுப்பினாள். "ஒருத்தரையும் விடாதீங்கக்கா, ஒங்களக் கும்புடுதேன், யாரும் அவியளப் பாக்கக்கூடாது, யாருமே பாக்கக்கூடாது." வியாகுலத்தக்கா வெளியே போய் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. மணி அடித்தது.

ஊர் வந்தது. மெழுகுவர்த்தியோடு வந்தது. "கதவத் தொறம்மா, நாங்க பாக்கணும், அவன் மூஞ்சியப் பாத்து நாலு வார்த்த பேசணும்" என்று மச்சாது அண்ணன் தட்டினார். ஏழெட்டுக் கைகள் சேர்ந்து தட்டின. "அவன ஒளிச்சி வைக்காத தாயி" என்று தெக்கிளம்மா அழுதாள். உள்ளே செசீலி சுவரைப் பார்த்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அவனுக்குக் காபி நேரம். அவனைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது. நேற்று வரை பார்த்திருக்கலாம். எந்த நாளும் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து, என்னங்க என்று கேட்டிருக்கலாம். இனிச் சாகும்வரை முடியாது. ஒரே ஒரு தடவை திரும்பினாலும் லாசர் தாத்தாவின் கண்கள் அந்த முகத்தில் உட்கார்ந்துகொண்டு அவளை மின்கம்பத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சிரிக்கும்.

தம்ளரை எடுத்துக்கொண்டு, தெரு ஆண்கள் சுவரைத் தாண்டுகிற மாதிரி, அவள் பின்பக்கமாக நடந்தாள். கட்டில் கால் கெண்டைக்காலில் இடித்தது. கையை முதுகுக்குப் பின்னால் நீட்டித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலில் அசைவில்லை. மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. வெளியே கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. தம்ளரின் சூடு விரலைத் தின்றது. இல்லாமலே போய்விட்டானோ, தான் நினைத்தது தப்போ, வெறும் கட்டிலுக்குத்தான் காபி நீட்டிக்கொண்டிருக்கிறோமோ என்று கழுத்துத் தானாகத் திரும்பப் பார்த்தது. அவள் இன்னொரு கையால் தன் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

தம்ளரின் கனம் கையை விட்டுப் போனது.

ஒரு மிடறு விழுங்குகிற சத்தம் கேட்டது. கடலிலிருந்து வந்த நாள் தொட்டுப் பேசாமலிருந்தவன், ஊர் திருப்பிக் கொடுத்த வாயால், பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னான்.

"வியாகுலத்தக்கா வகிடக் கோணலா எடுத்துட்டா, செசீலி."

அவள் கதவைப் பார்த்தபடியே நின்று அழுதாள்.